ஒரு கீறல் கூட இல்லை

வயிறு தரையில் பட்டதா இல்லையா என்பதுதான் வினிதாவுக்கு நினைவில்லை. மற்றதெல்லாம் நன்றாகவே நினைவிருந்தது. மாமல்லபுரத்துக்குள் திரும்பும் வளைவில் முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றுவதற்காகச் சட்டென்று நின்றது. ரஞ்சித்குமார் பிரேக் பிடித்தான். வண்டி நடக்கிற வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது, சொல்லப்போனால் நின்றே விட்டது. அவன் காலை ஊன்றிய இடத்தில் கடற்காற்று கொண்டுவந்து கொட்டிய மணல் கிடந்தது. செருப்பு வழுக்கியது. வண்டி எந்த அவசரமும் இல்லாமல், எருமை படுப்பது போல, இடப்பக்கம் சாய்ந்தது. ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்த வினிதா முன்னால் சரிந்து முழங்காலும் உள்ளங்கையும் தரையில் பட விழுந்தாள். இடது கையில் வளையல்கள் நொறுங்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கும் அவள் எழுந்து உட்கார்ந்ததற்கும் நடுவில் ஒரு கணம் காணாமல் போயிருந்தது.

ஏழு மாதம் முடிந்த வயிறு. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தபடி அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் வண்டிக்கு அடியிலிருந்து காலை உருவிக்கொண்டு எழுந்தான். குனிந்து டேங்கைத் தடவினான். எஞ்சின் மூடியைத் தடவினான். வண்டிக்கும் தரைக்கும் நடுவே முட்டுக்கொடுத்துக் கொண்டிருந்த கறுப்பு உருளையைத் தொட்டுப் பார்த்தான்.

"ஒரு கீறல் கூட இல்ல," என்றான். பிறகுதான் திரும்பி, "வினி, உனுக்கு?" என்றான்.

மிஞ்சிப்போனால் ஒரு மூச்சு விடும் நேரம் இருக்கும். அவன் கெட்டவன் இல்லை. வாந்தி எடுத்த நாட்களில் பக்கெட்டை ஏந்திக்கொண்டு நின்றவன்தான். கை பழக்கதோஷத்தில் போயிருக்கும். ஆனால் அந்த ஒரு மூச்சை அவள் பார்த்துவிட்டாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் கேட்டதெல்லாம் கொஞ்சம் சத்தமாகவே இருந்தது.

அந்தக் கறுப்பு உருளைக்குப் பெயர் ஸ்லைடர். கைமுட்டி அளவுக்கு இருக்கும். வண்டியின் இரண்டு பக்கமும் பிரேமோடு சேர்த்து போல்ட் போட்டு முடுக்குவார்கள். வண்டி சாய்ந்தால் முதலில் அது தரையில் ஊன்றிக்கொள்ளும். டேங்கும் எஞ்சினும் தப்பிக்கும். கம்பி வைத்த கிராஷ் கார்டு மாட்டச் சொன்னால் ரஞ்சித்குமாருக்குப் பிடிக்காது, பால்காரர் வண்டி மாதிரி ஆகிவிடும் என்பான். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. அங்கே வண்டி நிறுத்துமிடத்தில் யாரோ இடித்துத் தள்ளிவிட்டுப் போனதாகக் கனவு கண்டு எழுந்து வாசலில் போய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்து படுப்பான். வளைகாப்பு முடிந்து வினிதாவை அவள் அம்மா கடலோரக் குப்பத்துக்கு அழைத்துப்போன வாரத்தில், செங்கல்பட்டில் ஒரு கடையில் ஸ்லைடரை மாட்டிக்கொண்டு வந்து இறங்கினான். இனிமேல் பிள்ளையோடு போகவேண்டிய வண்டியாயிற்றே என்றுதான் மாட்டினானாம். அவன் அதை நம்பினான் என்பதுதான் விஷயம்.

இன்று காலை மாமியார் வீட்டு வாசலில் ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் வண்டியை மெல்லச் சாய்த்துப் படுக்க வைத்து, டேங்குக்குக் கீழே இருந்த இடைவெளியில் கையை நுழைத்துக் காட்டினான்.

"பாருங்க அத்த, கை போவுது. உளுந்தாலும் ஒண்ணும் ஆவாது."

ஆதியம்மாள் மீன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பி நின்றாள். குனிந்து இடைவெளியைப் பார்த்தாள். "வண்டிக்கு சரி மாப்ள. மேல குந்திகினு வர்றவங்களுக்கு இன்னாத்த மாட்டி வெச்சிகீற?" என்றாள். பிறகு மகளிடம், "நான் வர்றதுக்குள்ள வண்டில கிண்டில ஏறி வெக்காத," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் ரோஸ்மில்க் குடிக்கப் போகலாமா என்று கேட்டது வினிதாதான். வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போயிருந்தது. அதனால் இப்போது அவனை மட்டும் திட்டவும் வழியில்லை.

விழுந்த இடத்துக்கு எதிரில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் அரிவாளோடு ஓடிவந்து வண்டியை நிமிர்த்த உதவினார். "புள்ளத்தாச்சிய இட்டுகினு வர்ற வண்டியா இது?" என்று பொதுவாகக் காற்றைப் பார்த்துக் கேட்டுவிட்டு ஓர் இளநீரை வினிதா கையில் கொடுத்தார். அவள் குடித்தாள். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. அடிவயிற்றில் வலி இல்லை. புடவையை ஒதுக்கித் தடவிப் பார்த்தாள், ஈரமும் இல்லை. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிள்ளை மட்டும் அசையவில்லை.

"ஏறு, மெதுவா போறேன்."

"வேணாம் மாமா. நடக்கறேன்."

அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வர, அவள் பக்கத்தில் நடந்தாள். பளபளக்கிற வண்டியையும் வயிற்றுப்பிள்ளைக்காரியையும் கல் சிற்பம் பார்க்க வந்த கூட்டம் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனது. ரோஸ்மில்க் கடையில் அவன் இரண்டு டம்ளர் வாங்கி இரண்டையும் அவளிடமே கொடுத்தான். சில்லென்று எது உள்ளே போனாலும் பிள்ளை வலப்பக்க விலாவுக்குக் கீழே ஓங்கி ஓர் உதை விடும். அது அவர்கள் இருவருக்கும் தெரியும், அதை வைத்து விளையாடியிருக்கிறார்கள். அவள் முதல் டம்ளரைக் குடித்துவிட்டு விலாவில் கையை வைத்துக்கொண்டாள். அவன் அந்தக் கையைப் பார்த்தான். கடைக்காரர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். இரண்டாவது டம்ளரையும் குடித்தாள்.

"ஒதச்சிதா?"

"தூங்குது போல."

"ஆமா, இந்நேரம் தூங்கும்," என்றான் அவன், தினமும் பகலெல்லாம் கூடவே இருந்து பார்த்தவன் போல. அந்தப் பொய்யைக் கேட்டதும்தான் அவளுக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது. அவன் முகத்தில் ரத்தமே இல்லை. ஆஸ்பத்திரி என்ற சொல் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. அதை முதலில் யார் சொன்னாலும் உள்ளே ஏதோ ஆகிவிட்டது என்று அவரே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

அவள் வேறொன்றைச் சொன்னாள். "வளையலு ஒடஞ்சத அம்மா பாத்தா அவ்ளோதான்."

வளைகாப்பில் போட்ட வளையல். பிரசவம் ஆகும்வரை கையிலிருந்து கழற்றக் கூடாது, உடையக் கூடாது. முதலில் வேப்பங்கொழுந்தை வளைத்துக் காப்பாகப் போட்டு, பிறகு பச்சையும் சிவப்புமாக ஆதியம்மாள் தன் கையால் ஏற்றியது. இடது கையில் இப்போது மூன்று நான்குதான் மிச்சம். உடைந்த துண்டுகளை ரஞ்சித்குமார் மணலிலிருந்து பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டு வைத்திருந்தான். ஏன் பொறுக்கினான் என்று அவனுக்கே தெரியாது.

"அத்த வர்றதுக்குள்ள அதே மாதிரி வாங்கி போட்டுடலாம்," என்றான். செய்வதற்கு ஒரு வேலை கிடைத்ததில் அவன் குரலுக்கே உயிர் வந்தது. அவளுக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. வளையல் முழுசாகிவிட்டால் விழுந்ததே இல்லை என்று ஆகிவிடும். வண்டியில் கீறல் இல்லை. கையில் குறை இல்லை. மிச்சமும் தானாகச் சரியாகிவிடும். பயந்த மனசு இப்படித்தான் கணக்குப் போடும், அதைப் போய் முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் காசியம்மாளின் வளையல் கடை. பொருத்தமாகப் பச்சையும் சிவப்பும் எடுத்து வைத்துவிட்டு, அவள் வினிதாவின் கையைத் தன் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கை வீங்கியிருந்தது. கட்டைவிரலை உள்ளே மடக்கி அழுத்தி ஏற்றும்போது வினிதாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"இன்னா கண்ணு, கை ஐஸ் மாரி கீது?"

"ஒண்ணுமில்லக்கா."

கடைசி வளையலும் ஏறியது. வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு வளையல் போட்டுவிட்டால் காசியம்மாள் வழக்கமாகச் செய்கிற ஒன்று உண்டு. அந்தக் கையைப் பிடித்து வயிற்றுப் பக்கம் கொண்டுபோய்க் கலகலவென்று ஆட்டுவாள். பிள்ளை சத்தம் கேட்டு உதைக்கும், தாய்க்காரி சிரிப்பாள், கடைக்கும் நல்லது. இப்போதும் ஆட்டினாள்.

"பாரு, இப்ப ஒதைக்கும்."

ரஞ்சித்குமார் கடை வாசலில் வண்டியைப் பிடித்தபடியே எட்டிப் பார்த்தான். வினிதா கண்ணை மூடிக்கொண்டாள். தன் உடம்பு முழுவதையும் காதாக்கி விலாவுக்குக் கீழே வைத்தாள். வயிறு கனமாக, வெதுவெதுப்பாக, அப்படியே இருந்தது. காசியம்மாள் இன்னொரு முறை ஆட்டினாள், இன்னும் பலமாக. சந்தில் போன ஒரு பெண் சத்தம் கேட்டுச் சிரித்தபடி நின்றாள். காசியம்மாளின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. அவள் பிடித்திருந்த கையை மெதுவாக வினிதாவின் மடியில் வைத்தாள்.

"ஒதைக்கலக்கா," என்றாள் வினிதா. "உளுந்ததுலேர்ந்து ஒதைக்கவே இல்ல." பிறகு வாசலைப் பார்த்து, "மாமா, ஆஸ்பத்திரிக்கு போலாம்," என்றாள்.

சொல்லிவிட்ட பிறகு அந்தச் சொல் ஒன்றும் செய்துவிடவில்லை. தெரு அப்படியேதான் இருந்தது. காசியம்மாள் எழுந்து ஓடிப்போய் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டாள். ரஞ்சித்குமார் ஸ்டாண்டைத் தட்டிவிட்டான், அது சரியாக ஊன்றவில்லை. அவன் நகர்ந்ததும் வண்டி வளையல் கடைச் சுவரில் போய்ச் சாய்ந்து, பக்கக் கண்ணாடி சுவரை உரசிக்கொண்டு நின்றது. அவன் திரும்பவே இல்லை. வினிதாவை அணைத்து ஏற்றிவிட்டு அவனும் ஏறினான். ஆட்டோ சந்து முனையைத் தாண்டும்போது அவள் திரும்பிப் பார்த்தாள். சாவி வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"சாவி," என்றாள்.

"கெடக்கட்டும் வுடு," என்றான் அவன்.

திருக்கழுக்குன்றம் ரோட்டில் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி அது. டாக்டர் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். நர்ஸ் துர்காதேவி வினிதாவைக் கட்டிலில் சாய்த்துப் படுக்க வைத்து, எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டாள்.

"ஸ்லோவா தான் மேடம். நிக்கும்போதே சாஞ்சிடிச்சி. வண்டிக்கு ஒரு கீறல் கூட..." ரஞ்சித்குமார் பாதியில் நிறுத்திக்கொண்டான். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டுவிட்ட மாதிரி நின்றான். துர்காதேவி அவனைப் பார்க்கவில்லை. வயிற்றில் பசையைத் தடவி, பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கிற, சோப்புக்கட்டி அளவுள்ள கருவியை வைத்து அழுத்தினாள்.

அதிலிருந்து வெறும் இரைச்சல் வந்தது. குப்பத்தில் வாசல் கதவைத் திறந்தால் கேட்கிற அலை மாதிரியே இருந்தது. துர்காதேவி கருவியைக் கீழே நகர்த்தினாள், பக்கவாட்டில் நகர்த்தினாள். வினிதாவின் கை நடுங்கியது, புது வளையல்கள் கிணுகிணுத்தன.

"வளையல ஆட்டாதம்மா. எதுவும் கேக்கல."

அவள் கையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்படியும் நடுக்கம் நிற்கவில்லை. ரஞ்சித்குமார் கட்டில் பக்கத்தில் மண்டி போட்டு, அவளுடைய இடது மணிக்கட்டை வளையல்களோடு சேர்த்து இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தான். சத்தம் நின்றது. அவன் சட்டைப் பையில் போன் அதிர ஆரம்பித்தது. ஆதியம்மாளாக இருக்கும், சந்தையிலிருந்து திரும்பியிருப்பாள். பையில் கிடந்த கண்ணாடித் துண்டுகள் போனோடு சேர்ந்து நறநறத்தன. பிறகு அதுவும் அடங்கியது.

இரைச்சலுக்கு அடியில் ஏதோ ஒன்று தட்டியது. தூரத்தில், சீராக. வினிதா தலையைத் தூக்கினாள்.

"இரு," என்றாள் துர்காதேவி. "உன்னோடதா கூட இருக்கும்." அவள் வினிதாவின் வலது கையை எடுத்து, வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டு, மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பிடித்தாள். கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. காதில் கருவியின் தட்டல், விரலடியில் தாயின் நாடி. இரண்டும் ஒன்றா, வேறு வேறா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் சத்தமில்லாமல் எண்ணின.

ரஞ்சித்குமாரின் பிடி தன்னையறியாமல் இறுகியது. அவன் உள்ளங்கைக்குள் ஒரு வளையல் மெல்லிய சத்தத்தோடு முறிந்தது. வினிதாவுக்கும் அது கேட்டது. இருவரும் அந்தக் கையைப் பார்க்கவில்லை. துர்காதேவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி முனை அவன் கையில் ஏறியது. அவன் பிடியை விடவில்லை.