பெயர் கூவும் விண்

"அக்கா, என்ரை பட்டத்திலை அப்பான்ரை பேரைக் காணேல்லை."

வல்வெட்டித்துறையிலிருந்து பிரவீணன் அழைத்திருந்தான். கோப்பாயில், துஷாந்தினி கணினியைத் திறந்தாள். அவள் உருவாக்கிய கணினிப் பட்ட விளையாட்டை ஆடுகிறவர்களில் அவனும் ஒருவன். திரையில் வல்வெட்டித்துறைக் கடற்கரை, பொங்கல் வானம். ஆடுபவர்கள் தங்கள் பட்டத்தில் ஒரு பெயரை எழுதி ஏற்றலாம். பெரும்பாலோர் எழுதியது போரில் காணாமல் போனவர்களின் பெயர்களை. அவளுடைய பட்டத்தில் அண்ணன் சுபாஸ்கரன்.

இப்போது அதுவும் பெயரில்லாமல் வெறும் பட்டமாக ஆடியது.

விளையாட்டை வெளியிட்ட கொழும்பு நிறுவனத்துக்கு அழைத்தாள். மேலாளர் கிறிஸ்துநாயகம் எடுத்தார்.

"நாங்கள்தான் எடுத்தனாங்கள், பிள்ளை. முறைப்பாடு வந்திட்டுது. பட்டம் விடுறதிலை அரசியல் என்னத்துக்கு?"

"பேர் எழுதினா அரசியலோ, சேர்?"

"ஆரின்ரை பேர் எண்டதைப் பொறுத்தது."

பிரவீணனிடம் சொன்னாள். அவன் ஒன்றுதான் கேட்டான்.

"விண்ணிலை கை வைச்சவையோ?"

விண் என்பது பட்டத்தின் தலையில் வில்லாகக் கட்டும் நார். காற்றுப் பட்டால் கூவும். கூவலைக் கேட்டே இன்னாரின் பட்டம் என்று ஊர் சொல்லிவிடும். அதனால் விளையாட்டிலும் அவரவர் விண்ணுக்கு அவரவரே ஒலி பதியலாம். கொழும்பில் அதைக் காற்றுச் சத்தம் என்று நினைத்து விட்டுவிட்டார்கள்.

"இல்லை. அப்பிடியே கிடக்கு."

"அப்ப பின்னேரம் வானத்தைப் பாருங்கோ."

பின்னேரம் திரையில் வெற்றுப் பட்டம் ஒன்று எழுந்தது. 'நடராசா' என்று அப்பாவின் பெயரைக் கூவியது, பிரவீணனின் குரலில். புத்தூரிலிருந்து இன்னொன்று. பிறகு மன்னார், லண்டன், தொறொன்ரோ. ஒன்றின் மேல் ஒன்றாகப் பெயர்கள். வானம் இரைந்தது.

கைபேசி அலறியது.

"உந்தச் சத்தத்தை நிப்பாட்டும்," என்றார் கிறிஸ்துநாயகம். "இல்லாட்டி விளையாட்டையே இணையக் கடையிலையிருந்து தூக்குவம். உம்மடை உழைப்பெல்லாம் போகும்."

"விண் இல்லாமல் இஞ்சை ஒருத்தரும் பட்டம் ஏத்திறேல்லை, சேர்."

"பகிடி விடாதையும்."

"பகிடியில்லை. பேர்ப் பட்டியலும் கடையும் உங்கடை, தூக்குங்கோ. விளையாட்டின்ரை வானம் ஓடுறது என்ரை அறைக்குள்ளை இருக்கிற கணினியிலை. அதை நான் நிப்பாட்டமாட்டன்."

அவர் வைத்துவிட்டார். சற்றைக்குள் பிரவீணனின் செய்தி வந்தது: 'கடையிலை காணேல்லை அக்கா. பரவாயில்லை, கேக்கிற ஆக்களுக்கு விளையாட்டை நாங்களே அனுப்புறம்.'

துஷாந்தினி ஒலிவாங்கியை இழுத்தாள். முதல் தடவை குரல் உடைந்தது. அழித்தாள். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி அழுத்தினாள்.

"சுபாஸ்கரன்."

நூலை விட்டாள். பட்டம் ஏறியது.