இளைக்காத உடம்பு

என் கணவர் விமலனின் முதல் திவசத்தைக் கிள்ளானில் அவருடைய அக்கா சீதாலெட்சுமி வீட்டில் வைப்பதென்று முடிவானது. நான் வரக்கூடாது என்பதும் அதோடு சேர்ந்தே முடிவானது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நுரையீரல் காய்ச்சலோடு அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. மூன்றாவது வாரம் போய்விட்டார். பிறகு என்னைச் சோதித்தார்கள். எனக்கும் இருந்தது. ஆனால் எனக்குக் காய்ச்சல் வரவில்லை, எடை குறையவில்லை. தெலுக் பங்லிமா காராங்கில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஒரு ஷிப்டுகூடத் தவறவில்லை. இதை வைத்துச் சொந்தக்காரர்கள் கணக்குப் போட்டார்கள்: கல்லு மாதிரி இருக்கிறவள்தான் கொடுத்தவள்.

சீதாலெட்சுமி அண்ணியை ஒருமுறை என் டாக்டரிடம் வரச் சொன்னேன். வந்தார்.

பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கில் டாக்டர் ரிஹானா நிதானமாகத் தமிழிலேயே சொன்னார். "உடம்புக்குள்ள வந்த கிருமியப் பிடிச்சு, இதோ பாருன்னு காவல் செல்லுக்குக் காட்டற அமைப்பு ஒண்ணு இருக்கு ஆன்டி. அம்மா அப்பாகிட்டேருந்து வர்றது. ஆளுக்கு ஆள் மாறும். இவங்களோடது இந்தக் கிருமிய நல்லா காட்டிக்குடுக்குது. அதனால நோய் மெதுவாப் போகுது. இப்படி ரொம்பக் கொஞ்சப் பேர்தான். ஆனாலும் மாத்திரை போட்டே ஆகணும், போடறாங்க."

"அப்ப இவதான் என் தம்பிக்குக் குடுத்தாளா?"

"நல்லா இருக்காங்கன்றத வெச்சு அதச் சொல்ல முடியாது ஆன்டி. யாருக்கு முதல்ல வந்துச்சுன்னு எனக்கே தெரியாது."

வெளியே வந்து ஒரு கடையில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். அண்ணி அதைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"அம்மா அப்பா குடுத்ததாம். என் தம்பிக்கும் அம்மா அப்பா இருந்தாங்கதானே?"

கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"சரி, நான் நம்பறேன்லா."

"அப்ப ஞாயித்துக்கெழம திவசத்துக்கு வரட்டுமா அண்ணி?"

"நான் நம்பிட்டா போதுமா? வர்ற நாப்பது பேரையும் பஸ் புடிச்சு இந்த டாக்டர்கிட்ட கூட்டியாருவியா?" என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ கொஞ்சம் எளைச்சாவது இருக்கக்கூடாதா குமுதா? பாக்கறவங்களுக்கு ஒரு மாதிரியா இருக்குல்ல."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. யோசனை சொல்வதுபோலத்தான் சொன்னார். நானும் சரி என்றேன். கோமுட்டர் ரயிலில் அடுத்தடுத்த இருக்கையில் உட்கார்ந்து கிள்ளான் வரை வந்தோம். இறங்கியதும் அவர் ஒரு பக்கம் போனார், நான் ஒரு பக்கம் போனேன்.

ஞாயிறன்று என் அடுக்குமாடி வீட்டில் நான் மட்டும் சமைத்தேன். அவருக்குப் பிடித்த நெத்திலி சம்பல் திவசத்துக்கு ஆகாது, வைக்கவில்லை. சாம்பார், வாழைக்காய், பாயசம். படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தேன். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

பிறகு அந்த இலையிலேயே நான் சாப்பிட்டேன். நன்றாகப் பசித்தது. இரண்டாவது முறையும் சோறு போட்டுக்கொண்டேன்.