இரண்டு எஞ்சினுக்கு ஒரே தட்டு

பொட்டுக்கடலைப் பொட்டலத்தின் கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தது அந்தக் கறுப்பு வளையம். சட்னி அரைக்க எடுத்த சபிஹாவின் கை அப்படியே நின்றது.

"அம்மா, இது ஏது?"

"எது, அந்த ரப்பரா? ஒன் வேலைச் சட்டையத் துவைக்கப் போட்டேன்ல, அதுல கெடந்துச்சு. நல்லா இறுக்கமா இருக்கேன்னு எடுத்துப் போட்டேன்" என்றார் ஜெய்தூன் பீவி. "ஏன் அப்படி முழிக்கிற? தங்கமா அது?"

சபிஹா வளையத்தைக் கழற்றி, விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தாள். மெத்தென்று இருந்தது. எங்கும் வெட்டு இல்லை. பொட்டுக்கடலை தரையெல்லாம் சிதறியதை அவள் கவனிக்கவே இல்லை.

அவள் மதுரை விமான நிலையத்தில் பராமரிப்பு மெக்கானிக். இரவு வேலை முடித்து, விடிந்ததும் பஸ் பிடித்துத் திண்டுக்கல் வந்து, பேகம்பூர் வீட்டில் தூங்கி எழுந்து, இப்போதுதான் அடுப்படிக்கு வந்திருந்தாள். நேற்று அவள் வேலை பார்த்தது இரண்டு காற்றாடி வைத்த சின்ன விமானம். எழுபது பேர் உட்காரலாம்.

இந்த வளையம் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். எஞ்சினுக்குள் எண்ணெய் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே எங்காவது பல்சக்கரமோ பேரிங்கோ தேய ஆரம்பித்தால், அந்த இரும்புத் துகளை எண்ணெய் அடித்துக்கொண்டு வரும். வருகிற வழியில் ஒரு துளை போட்டு, நுனியில் காந்தம் வைத்த ஒரு பிளக்கைச் செருகி வைத்திருப்பார்கள். துகள் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். அவ்வப்போது பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் எஞ்சினின் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பது போலத்தான்.

ஆனால் துளை என்று ஒன்று இருந்தால் ஒழுகத்தானே செய்யும்? அதற்குத்தான் வளையம். குக்கர் மூடியில் ரப்பர் போடாமல் விசில் வருமா? அதே கதைதான். புது வளையம் பஞ்சு மாதிரி அமுங்கி இடுக்கை நிரப்பும். சூட்டிலும் அழுத்தத்திலும் கிடந்த வளையம் சப்பையாகி, விறைத்துப்போகும். அதனால் பிளக்கைக் கழற்றும்போதெல்லாம் புது வளையம்தான் போட வேண்டும். பழையது மறந்தும் திரும்ப உள்ளே போய்விடக் கூடாது என்று, எடுத்த கையோடு கத்தரியால் வெட்டி எறிவார்கள்.

கையில் இருப்பது வெட்டாத வளையம். அப்படியானால் புதியது. ஸ்டோரிலிருந்து வாங்கி வந்தது இரண்டே இரண்டு. அதில் ஒன்று இங்கே பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தால், அந்த விமானத்தின் ஓர் எஞ்சினுக்குப் புது வளையம் கிடைக்கவில்லை.

சபிஹா செல்போனை எடுத்தாள். விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டும் ஆப்பைத் திறந்தாள். காலையில் சென்னை போன அதே விமானம் திரும்பிக்கொண்டிருந்தது. விழுப்புரத்துக்கு மேலே, மஞ்சள் நிறத்தில், ஒரு கொசு அளவுக்கு.

கிளெமென்டை அழைத்தாள். ஸ்விட்ச் ஆஃப். நேற்று அவளோடு வேலை பார்த்த எஞ்சினியர் அவர்தான். விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டவரும் அவரே. வீடு அதே ஊரில், மேட்டுப்பட்டியில்.

"சாப்டாம எங்கடி ஓடுற?"

"செத்த நேரத்துல வந்துருவேம்மா."

ஸ்கூட்டரில் போகும்போது மனம் எதிர்க்கட்சி வக்கீல் போலப் பேசியது. வேலை முடிந்ததும் எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்களே, டார்ச் அடித்துத் தேடியும் ஒரு பொட்டு எண்ணெய் இல்லையே. வளையமே இல்லாவிட்டால் அப்போதே கொட்டியிருக்கும். அப்படியானால் பழைய வளையம் உள்ளே இருக்கிறது. தரையில் மெதுவாக ஓட்டும்போது பழையதும் தாங்கும். மேலே முழு வேகத்தில், கொதிக்கிற எண்ணெய் முட்டித் தள்ளும்போது? காலையில் தாங்கியிருக்கிறது. இப்போது?

கிளெமென்டின் மனைவி லிடியா கதவைத் திறந்து, "அவரா? இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டாரு. உள்ள வா" என்றாள். பிறகு சபிஹாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே போய்ப் புருஷனை உலுக்கினாள்.

கைலியை இறுக்கிக்கொண்டு வந்த கிளெமென்ட், சபிஹாவின் உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்ததும் விழித்துக்கொண்டார். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"எஞ்சின ரன் குடுத்துப் பாத்தோம்ல. காஞ்சுதான கெடந்துச்சு" என்றார் கிளெமென்ட். "ராத்திரி நம்மகிட்டதான் வந்து நிக்கப் போவுது. கமுக்கமாத் தொறந்து மாத்திப்புடுவோம்."

"அதுக்குள்ள அது பெங்களூரு போயிட்டு வரணும்ணே."

"மேல சொன்னா என்னாகும் தெரியும்ல? ஒன் லைசென்ஸ் பரீட்ச அம்புட்டுதான். என் கையெழுத்தும் போச்சு."

"தெரியும்ணே."

"ஒரு எஞ்சின் நின்னாலும் இன்னொண்ணு கொண்டாந்து சேத்துரும். அதுக்குத்தான ஒரு எஞ்சினத் தொட்ட ஆளு மத்ததத் தொடக் கூடாதுன்னு விதி வச்சிருக்கான்? இடது பக்கம் நீ. வலது பக்கம் நான். தப்பு ஒன் பக்கம் மட்டுந்தான்."

"என் பக்கம் நான் புதுசு போட்டேன். பழச வெட்டுன கத்தரிச் சத்தங்கூட காதுல இருக்கு." சபிஹா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க பழச வெட்டுனீங்களாண்ணே?"

"நான் எதுக்கு வெட்டணும்? நீதான் ரிங்க மாத்தித் தட்டுல வச்சிருந்தியே."

"மாத்தலண்ணே. உங்க பிளக்கக் கழுவி மட்டுந்தான் வச்சேன். காத்து அடிச்சுச்சு, புது ரிங் உருண்டு ஓடிரும்னு பைக்குள்ள போட்டேன். உங்க கையில குடுக்கலாம்னு. அதுக்குள்ள தள்ளுவண்டிய நகத்தச் சொல்லிக் கூப்ட்டாங்க."

கிளெமென்ட் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

நடந்தது இதுதான். ஆளுக்கு ஓர் எஞ்சின் என்ற விதியை இருவரும் மீறவில்லை. ஆனால் கழற்றிய இரண்டு பிளக்குகளும் ஒரே தட்டில் கிடந்தன. இரண்டையும் கழுவியது சபிஹா. கழுவிய எண்ணெயின் மினுமினுப்பில் பழைய வளையமும் புதிது போலத் தெரிந்தது. சபிஹா போட்டுவிட்டாள் என்று கிளெமென்ட் நினைத்தார். கேட்டிருந்தால், புது வளையம் தன் பையில் இருப்பது சபிஹாவுக்கு நினைவு வந்திருக்கும். ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை. ஓட்டிப் பார்க்கிற அவசரத்தில் அவளுக்கே மறந்துபோனது.

"ஆக, இவரு பாத்த எஞ்சின்லதான் பழைய ரிங்கு" என்றாள் லிடியா. "போன எங்கங்க வச்சீங்க?"

கிளெமென்ட் அதன் பிறகு தயங்கவில்லை. நிலையத்தில் பகல் வேலையில் இருந்த மேலாளர் கருப்புசாமியை அழைத்தார். வலது எஞ்சின், காந்தப் பிளக், பழைய வளையம். மூன்றே விஷயம். "பைலட்டுகிட்ட ஆயில் பிரஷரப் பாத்துக்கிட்டே வரச் சொல்லுங்க சார். எறங்குனதும் நிறுத்திருங்க. கையெழுத்து என்னோடது."

பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அதுதான் கொடுமையாக இருந்தது. மெக்கானிக்கின் கைக்கு எட்டுவதெல்லாம் தரையில் நிற்கும் விமானம்தான். மூவரும் செல்போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சள் கொசு திருச்சியைத் தாண்டியது. நத்தம் பக்கம் வந்ததும் ஒரே இடத்தில் நின்றுவிட்டது.

"ஏன் நிக்குது?" சபிஹா செல்போனைக் கிட்டே இழுத்தாள்.

"செல்லுல நெட்டு சரியில்ல" என்றார் கிளெமென்ட். ஆனால் அவரும் திரையை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். லிடியா போட்டு வைத்த காபி ஆடை கட்டியது.

கொசு ஒரு தாவு தாவி மதுரைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. உயரம் குறைந்தது. வேகம் குறைந்தது. ஓடுபாதைக் கோட்டின் மேல் ஊர்ந்து நின்றது. லிடியா சிலுவை போட்டுக்கொண்டாள். சபிஹா முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. கிளெமென்ட் ஸ்பீக்கரில் போட்டார்.

"தொறந்து பாத்தாச்சு" என்றது கருப்புசாமியின் குரல். "ரிங்கு சப்பையா, வெறச்சுப் போய்க் கெடக்கு. எஞ்சின் மூடிக்கு அடியில எண்ணெ கசிஞ்சு கோடு போட்டிருக்கு. இன்னொரு தடவ போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு எனக்குத் தெரியாதுப்பா. பெங்களூரு சர்வீஸ நிறுத்தியாச்சு. விசாரணை முடியிறவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் ஒரு ஸ்குருவக்கூடத் தொடக் கூடாது."

"சரி சார்."

"கூப்ட்டுச் சொன்னீங்க பாரு, அதையும் சேத்துத்தான் எழுதுவேன்." பிறகு அவரே தொடர்ந்தார்: "ஒண்ணு கேக்கணும். ஒரே தட்டுல ரெண்டு பிளக்கையும் போட்டது நேத்து மட்டுந்தானா?"

கிளெமென்ட் சபிஹாவைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். அந்த வார்த்தை இருவர் வாயிலும் ஒரே நேரத்தில் வந்து நின்றது போலிருந்தது.

"இல்ல சார்" என்றாள் சபிஹா. "மழ ஆரம்பிச்சதுல இருந்தே அப்படித்தான். நனையாம வைக்க எடம் அந்த ஒரு தட்டுக்குத்தான் இருந்துச்சு."

அந்தப் பக்கம் பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"எந்தெந்த பிளேன்? சொல்லு."

கிளெமென்ட் கண்ணை மூடிக்கொண்டு, விமானங்களின் வால்பகுதியில் எழுதியிருக்கும் அடையாள எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். அவர் விட்டதைச் சபிஹா எடுத்துக் கொடுத்தாள். சொல்லச் சொல்ல, தன் செல்போன் ஆப்பில் தேடினாள். அந்த விமானங்களில் இரண்டு இப்போது வானத்தில் இருந்தன.