கோட்டை பார்க்க வந்த சம்பந்தியம்மாள்

சிரம்பானில் பஸ் ஏறும்போதே சாரதாம்பாள் முடிவு கட்டிவிட்டாள். பெண்ணைப் பார்ப்பது, வேண்டாம் என்பது, அடுத்த பஸ்ஸில் திரும்புவது. தமிழ் தெரியாத மருமகளோடு எந்தப் பாஷையில் சண்டை போடுவது? மலாக்காத் தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் மகன் நல்லையாவோ, கட்டினால் தலைமுறைகளாக மலாயே பேசும் காஜா பேராங் பகுதிச் செட்டி வீட்டுச் சீதாவைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

அம்மாவின் மனதை இளக்க முதலில் கோட்டைக்குக் கூட்டிப் போனான். கோட்டை எங்கே? ஒரு வாசல்தான் நின்றது.

"இந்த வாசலப் பாக்கவா என்னை வெயில்ல இழுத்துக்கிட்டு வந்தே?"

"போர்த்துகீசியன் கட்டுனதும்மா. டச்சுக்காரன் சண்டை போட்டுப் பிடிச்சான். இங்கிலீஷ்காரன் வெடி வச்சுத் தகர்த்தான், மிச்சம் இதுதான். சீதா வீட்டாளுங்க அதுக்கெல்லாம் முன்ன, சுல்தான் காலத்துலயே கப்பல்ல யாவாரத்துக்கு வந்தவங்க."

"வர்ற வழியில தமிழக் கடல்ல போட்டுட்டாங்களாக்கும்."

குன்றின்மேல் ஏறி நின்று பார்த்தாள். கீழே ஓட்டுக் கூரைகள், அவற்றுக்கு அப்பால் கடல். போன வருடம் நாட்டின் சுதந்திரத்துக்கு நாள் குறித்து அறிவித்த திடலில் யாரோ பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை பேர் வந்து ஆண்டுவிட்டுப் போயும் ஊர் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. அவளுக்கு ஊர் பிடித்துவிட்டது. அதற்காகப் பெண்ணும் பிடிக்க வேண்டுமா என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

அன்று போகி. பசி வயிற்றைக் கிள்ள, செட்டி வீட்டுக்குள் அவள்தான் முதலில் நுழைந்தாள். கூடத்தில் வரிசையாக வாழை இலைகள், சோறும் குழம்பும் மீனும் பலகாரமுமாகப் பரிமாறியிருந்தது. ஆள் ஒருவரையும் காணோம். போகிக்கு மீனா என்று அவள் தயங்கினாள், வாசனை தயங்கவில்லை. விருந்தாளிக்குத்தானே என்று கையைக் கழுவிக்கொண்டு முதல் இலையில் உட்கார்ந்து பிசைந்தாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த நல்லையா அலறினான். "ஐயோ அம்மா! செத்தவங்களுக்குப் படைச்ச இலைம்மா அது! பாட்டன் பூட்டன் வந்து சாப்பிடணும்னுதான் இவங்க எல்லாரும் ஒதுங்கி நிக்கிறாங்க!"

அதற்குள் பாதிச் சோறு உள்ளே போயிருந்தது. பின்கட்டிலிருந்து சீதாவும் அவள் அப்பா பொன்னுதுரையும் ஓடிவந்தார்கள். சாரதாம்பாளுக்கு மானம் போயிற்று. வேண்டாம் என்று சொல்ல வந்தவளுக்கு, இவர்களே வேண்டாம் என்றுவிட்டால் மகன் கதி என்ன என்று இப்போது பயம் பிடித்துக்கொண்டது. பாவிமுண்டை, பசி பொறுக்கவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டு எழப் பார்த்தாள்.

பொன்னுதுரை கையமர்த்தினார். அவர் மலாயில் சொன்னது, பேச வராவிட்டாலும் சந்தையில் மலாய் கேட்டுப் பழகியவளுக்கு முழுதும் விளங்கியது. "எங்கள் பாட்டன்மாரும் இந்த ஊருக்கு யாரும் அழைக்காமல், பசியோடு வந்தவர்கள்தான். கோபிக்க மாட்டார்கள். அவர்களுக்கு வேறு இலை போடுகிறேன். நீங்கள் சாப்பிடுங்கள்."

சீதா அருகில் முழங்காலிட்டு, இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

சாரதாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீனைப் பிட்டாள்.

"டேய், ஒன் மாமனார்கிட்ட மலாய்ல சொல்லு. அவங்க பூட்டன் சோத்தையே தின்னுட்டேன். இனிமே இந்த வீட்டுப் பொண்ண வேணாம்னு எந்த வாயால சொல்வேன்?"