பதினேழாவது நோயாளி

விருதுக்கான விண்ணப்பத்தை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். ஒரு புகைப்படம்தான் பாக்கி. அறுவை சிகிச்சை முடிந்து பன்னிரண்டு வருடம் கழித்தும் நன்றாக இருக்கும் ஒரு நோயாளியின் படம்.

"எங்க அண்ணியே இருக்காங்க. கட்டுரையில பதினேழாவது நோயாளி," என்றார் முதுகெலும்பு டாக்டர், ஆய்வு உதவியாளரிடம். "வா, பத்து நிமிஷ வேலை."

காரில் அவர்தான் பேசிக்கொண்டு வந்தார். கீழ்முதுகில் இரண்டு எலும்புகளை நான்கு திருகுகளால் இணைப்பது அவர் கண்டுபிடித்த முறை. முப்பத்துநான்கு பேருக்குச் செய்துவிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அதை இதுவரை அறுநூற்று நாற்பது கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன. இந்த விருதும் கிடைத்துவிட்டால் துறைத் தலைவர் பதவி கைக்கெட்டும் தூரம்தான். உதவியாளர் பெண் மடியில் காகிதக் கட்டை வைத்துக்கொண்டு "சரி சார்" என்றாள்.

அண்ணன் கதவைத் திறந்தார். "வாய்யா டாக்டரே. உலகமே உன் பேரைச் சொல்லுதாம். இங்க தண்ணி கேன் தூக்கறது இன்னும் நான்தான்."

"தூக்குங்கண்ணே, உடம்புக்கு நல்லது."

அதற்குள் மருத்துவமனையிலிருந்து ஃபோன். டாக்டர் பால்கனிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். உள்ளே படம் எடுத்து முடிந்திருந்தது. அண்ணி டீ போடப் போயிருந்தாள். உதவியாளர் ஒரு தாளைச் சட்டென்று கட்டுக்கு அடியில் தள்ளினாள்.

"இப்போதைய வலி அளவும் கேட்டுட்டியா? எவ்வளவு, ஒண்ணா ரெண்டா?"

"ஏழு சார்."

"தலைகீழாக் கேட்டிருப்பே. பத்துதான் தாங்க முடியாத வலி."

"சொல்லித்தான் சார் கேட்டேன்."

தாளை வாங்கிப் பார்த்தார். தூக்கம் எப்படி என்ற கேள்விக்கு எதிரே 'நாற்காலியில்' என்று எழுதியிருந்தது.

படுக்கையறைக் கதவு திறந்தே கிடந்தது. கட்டிலில் ஒரு பாதி முழுக்க மடித்த துணி. பக்கத்தில் உயரமான முதுகு வைத்த நாற்காலி, அதில் தலையணை, போர்வை. வாரம் தவறாமல் வந்துபோகும் வீடு. அந்த நாற்காலியை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறார். சமையலறையில் பாத்திரங்களையெல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறக்கி வைத்தபோது, "என்ன அண்ணி, குள்ளமாயிட்டே வரீங்களா?" என்று கேலி செய்ததும் அவர்தான். அண்ணியும் சேர்ந்துதான் சிரித்தாள்.

அண்ணி டீயோடு வந்தாள். அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "காட்டிட்டியா பாப்பா?"

"எப்பலேர்ந்து அண்ணி?"

"முதல் வருஷம் பரவாயில்லாமத்தான் இருந்துது தம்பி."

"ரெண்டாவது வருஷம் நான் கேட்டப்ப ஒண்ணுன்னு சொன்னீங்களே."

"ஆறு மணி நேரம் கால் கடுக்க நின்னு பண்ணினீங்க. அப்புறம் எதிர்ல உக்காந்து, 'எப்படி இருக்கு அண்ணி'ன்னு ஆசையாக் கேட்டீங்க. வலிக்குதுன்னு எந்த வாயால சொல்றது? ரெண்டுன்னு சொன்னாக்கூட முகம் வாடிடும்னு தோணுச்சு."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

டாக்டருக்கு மற்ற நோயாளிகள் நினைவுக்கு வந்தார்கள். மற்ற முப்பத்துமூன்று பேரையும் அவரேதான் கேட்டார். தன் அறையில், வெள்ளைக் கோட்டோடு, தோளில் கை வைத்து. சிலர் எழுந்து நின்று பதில் சொன்னார்கள். ஒருவர் பழக்கூடையோடு வந்திருந்தார். 'அறுவை செய்த மருத்துவரே அனைவரையும் நேரில் மதிப்பிட்டார்' என்று கட்டுரையிலேயே ஒரு வரி உண்டு. சின்னவர்களிடம் தள்ளிவிடாமல் தானே செய்தோம் என்ற பெருமையில் எழுதிய வரி. மேற்கோள் காட்டிய அறுநூற்று நாற்பது கட்டுரைகளில் ஒன்றுகூட அந்த வரியைக் கேள்வி கேட்கவில்லை. அந்தக் கட்டுரையை நம்பி எங்கெங்கோ, யார் யார் முதுகிலோ திருகு ஏறிக்கொண்டிருக்கும்.

தப்பெல்லாம் தன்னுடையது என்பது போல உதவியாளர் தலையைக் குனிந்திருந்தாள்.

"அண்ணி, இப்ப நான் கேக்கறேன். பத்துக்கு எவ்வளவு?"

அண்ணி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு உதவியாளரின் கட்டுக்கு மேலே இருந்த விண்ணப்பத்தைப் பார்த்தாள்.

"மூணு," என்றாள்.

அவரால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. விண்ணப்பத்தை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"சார், அஞ்சு மணிக்குள்ள..."

"அனுப்ப வேண்டாம். மத்த முப்பத்துமூணு பேர் நம்பரும் என் ரூம்ல பச்சை ஃபைல்ல இருக்கு. நாளைக்கு ஆரம்பிச்சு ஒவ்வொருத்தரையா நீயே கேளு."

"நீங்க சார்?"

"நான் பக்கத்துல இருக்கக் கூடாது. அவங்க என்ன சொல்றாங்களோ, அதை அப்படியே கட்டுரை போட்ட பத்திரிகைக்கு எழுதிடலாம்."

"அதுக்காக விருதை விடுவாங்களா தம்பி?" என்றாள் அண்ணி. "டீ ஆறுது பாருங்க."

டம்ளரை எடுத்தபோதுதான் கவனித்தார். எல்லோரும் உட்கார்ந்திருக்க, அண்ணி மட்டும் வந்ததிலிருந்து நின்றுகொண்டிருந்தாள்.

"உக்காருங்க அண்ணி."

"நிக்கறதுதான் தம்பி தேவல," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அதையும் எழுதிக்கோம்மா," என்றார் டாக்டர், டம்ளரைப் பார்த்தபடியே.