போதும் ஆட்டம்

வாடகை குறையாது. பள்ளிக்கூடக் கட்டணம் குறையாது. கரண்ட் பில்லிடம் கெஞ்ச முடியாது. வீட்டில் வளைந்து கொடுக்கிறது வயிறு ஒன்றுதான் என்ற முடிவுக்கு அவள் வந்தபோது, அதில் தப்பு இருப்பதாகவே தோன்றவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள் அவள். ஊரார் வயிற்றின் விலை அவளுக்கு விரல் நுனியில். வெண்ணெயும் பாதாமும் நாய் பிஸ்கட்டும் நாள் முழுக்க அவள் கையைத் தாண்டித்தான் போகும். சாயங்காலம் வெறும் பையோடு வீட்டுக்கு நடப்பாள்.

இத்தனைக்கும் கடன் அவர்கள் வாங்கியதல்ல. அதுதான் வயிற்றெரிச்சல். அவள் கணவர் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். பையன்கள் அவருக்கு வைத்த பெயர் விசில் மாஸ்டர். நல்ல மனிதர், நல்லவருக்கும் ஒரு படி மேலே போய் ஏமாளி. கூட வேலை பார்த்த கணக்கு வாத்தியார் கடன் வாங்கப் போனபோது, ஒரு கையெழுத்துதானே என்று ஜாமீன் போட்டுவிட்டு, டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த வாத்தியார் ஆறே மாதத்தில் குடும்பத்தோடு கம்பி நீட்டினார். பைனான்ஸ்காரர்கள் மாஸ்டரின் வாசலில் வந்து நின்றார்கள்.

நான்கு வருஷத் தவணை என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவள் அன்றைக்கே கணக்குப் போட்டுவிட்டாள்.

"இழுத்துக்கிட்டே போனா வட்டியே நம்மளத் தின்னுடும். மாசாமாசம் கூடச் சேர்த்துக் கட்டினா பாதி நாள்ல முடிச்சுடலாம்" என்றாள்.

"எதை வெச்சுக் கட்டறது?"

"சாப்பாட்டை வெச்சுத்தான்."

மறுநாளே பால் பாதியானது. பழம் நின்றது. முட்டை ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் மகள்கள் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. பருப்பில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. வாரக் கடைசியில் கடையில் நசுங்கிய டப்பா, கிழிந்த பாக்கெட், நொறுங்கின பிஸ்கட் எல்லாவற்றையும் வேலை செய்கிறவர்களுக்குப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அவள் முதல் ஆளாகப் போய் நிற்பாள். "நம்ம வீட்டுக்கு வர்றதெல்லாம் அடிபட்ட சாமான்தான், என்னையும் சேர்த்து" என்று மாஸ்டர் சிரிப்பார். அவளுக்குச் சிரிப்பு வராது.

பெரிய பானையைக் கழுவிப் பரண்மேல் ஏற்றிவிட்டுச் சின்னதில் சமைத்தாள். அங்கேதான் வந்தது சிக்கல். பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஐந்து. இரண்டும் வளர்கிற பிள்ளைகள். இரண்டு கரண்டி முடிந்ததும் தட்டு மூன்றாவதற்கு நீளும். "இன்னும் கொஞ்சம்மா" என்பார்கள். சின்னவள் பானையை இழுத்து வைத்து அடியைச் சுரண்டுவாள். அம்மாவுக்கு அந்தச் சத்தம் பொறுக்காது. தன் பங்கை அள்ளிப் போட்டுவிட்டு, கடையிலேயே சாப்பிட்டுவிட்டதாகப் பொய் சொல்வாள்.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் மாஸ்டர் விசிலை எடுத்து ஊதினார். பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இன்னைலேருந்து ஒரு போட்டி. யாரு முதல்ல 'போதும்'னு சொல்றாங்களோ, அவங்கதான் நாளைக்குக் கேப்டன். கேப்டன் எண்ண எண்ண, நான் தண்டால் எடுப்பேன்."

பிள்ளைகளை ஓட வைக்க வேண்டுமா, போட்டி வை. அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். சோம்பேறிப் பையன்களை மைதானத்தைச் சுற்ற வைத்ததும் அப்படித்தான், அழுகிற பையனைக் கயிறு ஏற வைத்ததும் அப்படித்தான். பசியையும் அதே மைதானத்தில் இறக்கிவிட்டார். வேறு எந்த வீட்டிலும் யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

போட்டி அமோகமாக நடந்தது. சின்னவள் உட்கார்ந்ததுமே "போதும்" என்று கத்திவிட்டு, அடுத்த நிமிஷம் தட்டை நீட்டித் தோற்றுப்போவாள். பெரியவள் அப்படியில்லை. நிதானமாகச் சாப்பிடுவாள், நிதானமாகப் போதும் என்பாள், எழுந்து கை கழுவிவிடுவாள். காலையில் மாஸ்டர் கூடத்தில் குப்புற விழுந்து தண்டால் எடுப்பார். தொப்பை முதலில் தரையில் இடிக்கும். சின்னவள் அவர் முதுகில் ஏறிக்கொள்வாள். பல மாதமாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு அது. அம்மாவும் சிரித்தாள், என்ன செய்வது.

பானையில் மிச்சம் விழத் தொடங்கியது. இரண்டு கரண்டி ஒன்றரையானது, ஒன்றரை ஒன்றானது. ஜெயிப்பது எப்போதும் பெரியவள்தான். மிஞ்சினதில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலைச் சாப்பாடும் ஆயிற்று. சந்தோஷத்தில் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் பழம் எடை போடுகிற அக்காவிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

"என் பெரியவ தங்கம்க்கா. வேணும்னு வாயைத் திறந்து கேக்கவே மாட்டா."

"பத்து வயசுப் புள்ள கேக்கலேன்னா நாமதான் பயப்படணும்" என்றாள் அந்த அக்கா, தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே.

இவளுக்குச் சுருக்கென்றது. அந்த அக்காவின் பிள்ளை கேட்டதைக் கொடுக்காவிட்டால் தெருவில் விழுந்து புரளும். பொறாமை என்று நினைத்துக்கொண்டு மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கும் நாள் வந்தது. புதுச் சீருடைக்கென்று கொஞ்சம் பணம் எடுத்து வைத்திருந்தாள். எதற்கும் பார்ப்போமே என்று போன வருஷத்துப் பாவாடையைப் பெரியவளுக்குப் போட்டுப் பார்த்தாள். உயரம் அப்படியே இருந்தது. இடுப்பில் மட்டும் இரண்டு விரல் தொளதொள என்று நின்றது. ஒரு ஊக்கைக் குத்தினாள், சரியாகிவிட்டது. 'அப்பாடா' என்று இவள் மனம் துள்ளியதே, அதை என்னவென்று சொல்வது? ஒரு வருஷமாகப் பிள்ளை வளரவில்லை என்பதைப் பெற்றவளே வரவில் எழுதிக்கொண்டாள். அந்தப் பணமும் அந்த மாதத் தவணையோடு போய்ச் சேர்ந்தது.

நினைத்ததற்கும் முன்பாகவே கடன் தீர்ந்தது. பைனான்ஸ் ஆபீசில் ஒரு பையன் போனில் பேசிக்கொண்டே காகிதத்தில் முத்திரை குத்தி நீட்டினான். இதற்கா இத்தனை பாடு என்றிருந்தது. வெளியே வந்ததும் மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். அவளுக்கு அழுகை வரவில்லை. பசித்தது.

அன்று தான் வேலை செய்கிற கடையிலேயே அவள் வாடிக்கையாளராக நுழைந்தாள். கோழிக்கறி, வெண்ணெய், ஆப்பிள், அடிபடாத பிஸ்கட். பெரிய பானையைப் பரணிலிருந்து இறக்கினாள். வீடெல்லாம் வாசனை. சின்னவள் அடுப்படியை விட்டு நகரவில்லை.

"இன்னைக்குப் போட்டி கிடையாது. எல்லாரும் ஜெயிச்சாச்சு. வேணுங்கறதச் சாப்பிடுங்க" என்றார் மாஸ்டர்.

சின்னவள் விக்கல் வரும்வரை சாப்பிட்டாள். பெரியவள் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, "போதும்மா" என்றாள்.

"போட்டி இல்லைன்னு அப்பா சொன்னாரு இல்ல?"

"தெரியும்மா. நெஜமாவே போதும்."

அம்மா விடவில்லை. ஒன்றரை வருஷப் பாக்கியை ஒரே வேளையில் தீர்த்துவிடுகிறவள்போல, பிசைந்து பிசைந்து ஊட்டினாள். "அம்மாவுக்காக ஒரு வாய். அப்பாவுக்காக ஒரு வாய்." பெரியவள் மறுக்கவில்லை. எதையும் மறுக்கத் தெரியாத பிள்ளை. கண்ணில் நீர் முட்ட விழுங்கிக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து ஓடினாள். குளியலறையில் அவள் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. இவள் போய்ச் சட்டையைக் கழற்றிக் கழுவிவிட்டபோது, முதுகெலும்பு ஒவ்வொன்றும் கையில் தட்டுப்பட்டது. தினமும் தலை வாரிவிடுகிற பிள்ளைதான். எப்படிப் பார்க்காமல் விட்டோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

அடுத்த நாள் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். சின்னவளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். டாக்டரம்மா பெரியவளை எடை மேடையில் நிறுத்தினார், சுவரோரம் நிறுத்தி உயரம் பார்த்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், விரல் நகத்தை அழுத்திப் பார்த்தார். பிறகு பெரியவளை வெளியே உட்காரச் சொன்னார்.

"வீட்ல என்ன நடக்குது?"

மாஸ்டர்தான் சொன்னார். போட்டியையும் விடாமல் சொன்னார். டாக்டரம்மா திட்டியிருந்தால் தேவலை. அவர் பேனாவை மூடி வைத்தார்.

"வயிறு சுருங்கிப் போச்சு. ரத்தமும் ரொம்பக் கம்மி. ஒரேயடியாத் திணிக்காதீங்க, கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. உடம்பு தேறிடும். விட்டுப்போன வளர்த்தி முழுசும் திரும்ப வருமான்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

வெளியே வந்ததும் அவள் பர்ஸைத் திறந்து டாக்டருக்கும் மருந்துக்கும் எண்ணிக் கொடுத்தாள்.

மூன்று பேரும் கடைத்தெரு வழியாக நடந்தார்கள். மருந்துப் பையைப் பெரியவள்தான் பிடிவாதமாக வாங்கிச் சுமந்தாள். மாஸ்டர் எதையாவது பேசி அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். ஒரு ஜூஸ் கடை வாசலில் நின்று, "என்ன வேணும், சொல்லு" என்றார்.

"ஒண்ணும் வேணாம்ப்பா. டாக்டருக்கு எவ்வளவு ஆச்சு?"

"அந்த டாக்டரம்மா எனக்குத் தெரிஞ்சவங்க. காசே வாங்கல."

"பொய். அம்மா பர்ஸ்லேருந்து எடுத்ததப் பாத்தேன். நெறைய நோட்டு."

பெரியவள் கொஞ்ச தூரம் உதட்டைக் கடித்தபடி தலைகுனிந்து நடந்தாள். மனசுக்குள் எதையோ கூட்டிக் கழிக்கிறாள் என்று அம்மாவுக்குப் புரிந்தது. தானும் கணக்குப் போடும்போது அப்படித்தான் உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

"கவலப்படாதீங்கம்மா. டாக்டர் காசையும் சீக்கிரமே சரி பண்ணிடலாம்" என்றாள் பெரியவள். "எனக்குப் பழகிடுச்சு. ஆனா இந்தத் தடவ சின்னவளச் சேக்க வேணாம்ப்பா. அவளுக்குப் பசி தாங்காது. அவ நெஜமாவே போட்டின்னு நெனச்சுக்கிட்டு இருந்தா."

மாஸ்டர் நடுத்தெருவிலேயே நின்றுவிட்டார். பின்னால் வந்த சைக்கிள்காரர் பிரேக் பிடித்து, ஏதோ திட்டிவிட்டு, சுற்றிக்கொண்டு போனார்.