பெயர் எழுதிய போத்தல்

நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும் என்பது டாக்டர் எலைன் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. முடிவை முதலில் எழுதினால் மற்றதெல்லாம் அதற்கேற்ப வளைந்துவிடும் என்பார். பகலில் செனாய் ஊர்த் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் நிற்கிறேன். மாலையில் ஜொகூர் பாருவில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவரிடம் பொதுச் சுகாதார டிப்ளோமா படிக்கிறேன். அவர் சொன்னபடியே எழுதிப் பார்க்கிறேன்.

பொந்தியான் சாலையிலிருந்து உள்ளே, எண்ணெய்ச் செம்பனைகளுக்கு நடுவில் ஒரு பழைய தோட்டக் குடியிருப்பு இருக்கிறது. தோட்டம் கைமாறிய பிறகும் சில குடும்பங்கள் அங்கேயே தங்கிவிட்டன. அரசாங்கக் குழாய் பெரிய சாலையோடு நின்றுவிடுகிறது. உள்ளே ஒரு கிணறு, ஒரு மோட்டார், ஒரு தொட்டி. அந்தத் தண்ணீரில் துவைத்த பள்ளிச் சட்டை பழுப்பாகிவிடும். மழை பெய்தால் வாடை வரும்.

கிணற்று நீர் கெட்டது என்று ஆய்வு காட்டினால், குழாய் இணைப்பு கேட்டு மாவட்ட அலுவலகத்துக்குப் பரிந்துரை போகும். டாக்டர் எலைனின் திட்டம் அதுதான். தமிழ் பேச ஆள் வேண்டும் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்.

மக்கள் இந்த ஆய்வில் பங்காளிகள், எனவே தண்ணீர் மாதிரியை அவர்களே எடுக்க வேண்டும் என்றார். போத்தலில் எண் ஒட்டினால் தங்களைக் கைதிகளாக நடத்துவதாக நினைப்பார்கள், குடும்பப் பெயரை எழுது என்றார். நான் தமிழில் அழகாக எழுதினேன். சமையலறைக் குழாயைத் திறந்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பிறகு நிரப்ப வேண்டும் என்று குடியிருப்பின் கோயில் மண்டபத்தில் செய்துகாட்டினேன். அன்று மாவட்ட அலுவலகத்திலிருந்து அதிகாரிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். கிணற்றில் வாளியை இறக்கி எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம். அந்த வாளித் தண்ணீரை யாரும் பரிசோதிக்கவில்லை. படம் எடுத்ததும் கொட்டிவிட்டோம்.

மறுநாள் காலை போத்தல்கள் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தன. வீட்டுக்குள் போய் நின்று பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"அப்புறம் பங்காளின்னு சொல்றதுக்கு என்ன அர்த்தம், பிரவீனா? நம்பணும் லா" என்றார் டாக்டர் ஆங்கிலத்தில்.

எல்லாப் போத்தல்களிலும் தண்ணீர் தெளிவாக இருந்தது. காய்ந்த பருவம், அதனால் தெளிந்திருக்கும் என்று நினைத்தேன்.

முடிவு வந்தது. கிருமி இல்லை. இரும்புகூட அளவுக்குள்தான். டாக்டர் எலைன் அதை நல்ல செய்தி என்றார். கோயில் மண்டபத்தில் தமிழில் வாசித்தவள் நான்.

முன் வரிசையில் காளியப்பன் அங்கிள் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தொழிற்சாலைக் காவலாளி, சர்க்கரை வியாதிக்காரர். போத்தல்கள் சேகரித்தபோது அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒரு கால் விரலை எடுத்திருந்தார்கள்.

"அப்ப கெணத்துத் தண்ணி நல்ல தண்ணியா?"

"ஆமா அங்கிள். ரிப்போர்ட்டு அப்படித்தான் சொல்லுது."

"பாத்தியா தனம்," என்று பக்கத்திலிருந்த மனைவி தனலெட்சுமியிடம் திரும்பினார். "ரெண்டு வேளையும் காய்ச்சி ஆறவெச்சு எனக்குக் கால் கழுவி விடுற. மகாராஜாவுக்குக்கூட இப்படி நடந்திருக்காது. இனிமே பைப்பத் தொறந்து விடு, போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு மாலை வகுப்புத் தேர்வுகள் வந்தன. அவை முடிந்த சமயம் காளியப்பன் அங்கிளைத் திரும்பவும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். ஒரு பக்கம் முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. புண் எலும்புவரை போய்விட்டது, காய்ச்சல், வேறு வழியில்லை என்று வெட்டிவிட்டார்கள்.

"நகம் வெட்டுற வேலை பாதியாயிருச்சு, மா," என்றார். நான் வெளியே நடைவழிக்கு வந்துவிட்டேன்.

தனலெட்சுமி ஆன்ட்டி பின்னாலேயே வந்து என் கையில் ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தார்.

"குடிமா. கெணத்துத் தண்ணி இல்ல, பயப்படாத. டவுன்ல காசு போட்டுப் பிடிக்கிற மெஷின் தண்ணி. வர்றவங்களுக்குன்னு ஒரு பெரிய தோம்பு நெறைய எப்பவும் பிடிச்சு வெச்சிருப்போம்."

"எல்லா வீட்டிலயுமா, ஆன்ட்டி?"

"பின்ன? வந்தவங்களுக்கு மஞ்சத் தண்ணியா குடுக்கிறது? அன்னைக்கு உங்க போத்தல்லயும் அதைத்தானே ஊத்தினோம்."

எனக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகம். திரும்பக் கேட்டேன். அவருக்கு என் கேள்விதான் விளங்கவில்லை.

"கெணறு கெட்டதுன்னு நாங்க வாயால சொல்லியாச்சுல்ல. நீங்களும் வாளி விட்டு எடுத்தீங்க, அதைத்தான் சோதிச்சிருப்பீங்கன்னு இருந்தோம். அது போதாதா? எங்க வீட்டுப் பேரை எழுதின போத்தல் யூனிவர்சிட்டிக்குப் போகுது. அதுல போயி அழுக்குத் தண்ணிய அனுப்புவாங்களா? ஏற்கெனவே தோட்டத்து ஆளுங்கன்னா மூக்கைப் பிடிக்கிறாங்க."

பேருந்தில் வரும்போது யோசித்தேன். புண் முற்றியது கிணற்று நீரால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. சர்க்கரை வியாதிக்காரருக்கு எதனாலும் முற்றலாம். ஆனால் அந்தத் தண்ணீர் நல்லது என்று சொன்னது நாங்கள். இன்னும் அங்கே எல்லோரும் அதை நம்பித்தான் குடிக்கிறார்கள்.

வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் டாக்டர் எலைனிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"உனக்கு நிச்சயமா?"

"தனலெட்சுமி ஆன்ட்டியே சொன்னாங்க, டாக்டர்."

"கட்டுரை போயிருச்சு. தண்ணி நல்லதுன்னு மாவட்ட அலுவலகத்துக்கும் எழுதியாச்சு, அவங்க அந்தக் குழாயை வேற கம்பத்து ஜனங்களுக்கு மாத்திட்டாங்க. இப்ப போய் என்ன சொல்றது? பங்காளிகளே மாதிரியைக் கெடுத்துட்டாங்கன்னா? அந்தப் பழி யாரு மேல விழும், யோசிச்சியா?"

"தண்ணிய மறுபடியும் எடுக்கலாமே."

"திட்டம் முடிஞ்சிருச்சு பிரவீனா. அடுத்த நிதி வரட்டும். கட்டுரையில ‘வரம்புகள்’ பகுதியில ஒரு வரி சேத்துடுறேன்."

அவர் சொன்னதில் தவறு எங்கே என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் முழுதாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புக்குப் போனேன். காளியப்பன் அங்கிள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். வாசல் கதவுக்குப் பக்கத்தில் ‘சிறந்த சமூகப் பங்காளி’ என்று பல்கலைக்கழகம் கொடுத்த கண்ணாடிக் கேடயத்தை மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று கொடுத்திருந்தார்கள்.

"ஆன்ட்டி, அந்த முடிவு தப்பு. தண்ணியக் காய்ச்சித்தான் பாவிக்கணும். எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

"நீதானே நல்ல தண்ணின்னு படிச்ச?"

"லேப் மெஷின் தப்பாக் காட்டிருச்சு."

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பொய் அது. தனலெட்சுமி ஆன்ட்டி என்னையே பார்த்தார். பிறகு அவர் பார்வை சமையலறை மூலையில் இருந்த தோம்புக்குப் போனது.

"மெஷின் தப்பு பண்ணல," என்றார் மெதுவாக. "நான் ஊத்தினதைத்தான் அது சொல்லிருக்கு."

"ஆன்ட்டி..."

"அந்தக் கெணத்துத் தண்ணியக் காய்ச்சாம ஊத்தி நான்தான் தினமும் அவரு காலைக் கழுவினேன். அதைச் சொல்லத்தானே பஸ் ஏறி வந்த?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. என் பைக்குள் கையை விட்டு என் தண்ணீர்ப் போத்தலை எடுத்தார். அதிலிருந்ததை வாசலில் கொட்டினார். பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்தார். நான் மண்டபத்தில் செய்துகாட்டியபடி, முதலில் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். பிறகு நிரப்பி, மூடியைத் திருகி, சேலை முந்தானையால் துடைத்து நீட்டினார். முந்தின இரவு மழை பெய்திருந்தது. தேநீர்க் கோப்பை கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது.

"இந்தா. பேரு எழுதிக்க. கொண்டுபோயி உங்க டாக்டர்கிட்ட குடு."

எழுதினேன். காளியப்பன், தனலெட்சுமி. இந்த முறை எழுத்து அழகாக வரவில்லை.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். முகப்பில் இருந்த பெண் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திட்ட எண் கேட்டார். இல்லை என்றேன். இது கிருமி நீக்கிய போத்தலா என்றார். இல்லை. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தீர்களா என்றார். அதுவும் இல்லை.

"இது மாதிரியாகச் செல்லாது," என்று மலாயில் பணிவாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அவர் சொன்னது சரி. வகுப்பில் நானும் அப்படித்தான் படித்தேன்.